தம்பி சேர்ந்திருக்கும் வாலிபர் ஊழியப் பயிற்சி: கண்டிப்பு எதுவரைக்கும்?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் ஈரோடு. மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. அப்பாவின் திடப்படுத்தல் முதல் என் கல்யாணம் வரை எல்லாம் பிரப் ரோடு சர்ச்சில்தான். இப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆக, ஜெபம், உபவாசம், ஊழியம் எதுவும் எனக்கு அந்நியமில்லை. மதத்தைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பிக்கு 20 வயது. டிப்ளமோ முடித்தவன். போன வருடம் ஒரு தனி ஊழியம் நடத்திய வாலிபர் முகாமுக்குப் போனான். மூன்றாம் நாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்தான். அடுத்த மாதமே அவர்களுடைய ஓராண்டுச் சீஷத்துவப் பயிற்சிக்கு, அதாவது சீடராக்கும் பயிற்சிக்கு, பெட்டி கட்டிவிட்டான். மலையடிவாரத்தில் தங்கிப் படிக்கிற இடம். பெயர் வேண்டாம்.

முதல் மூன்று மாதம் எங்களுக்குச் சந்தோஷம்தான். ராத்திரி 2 மணி வரை போனைக் கட்டிக்கொண்டு கிடந்த பையன் விடியற்காலை எழுந்து ஜெபிக்கிறான் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்காது? அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஞாயிறு மதியம் 10 நிமிடம் பேசலாம், ஸ்பீக்கரில், பக்கத்தில் அவனுடைய குழுத்தலைவர் உட்கார்ந்திருப்பார். எழுவது 4.30, படுப்பது 11.30. தாமதமாக வந்தால் ஒரு வேளை 'உபவாசம்'. மாதம் 500 ரூபாய் தருகிற 12 பேரை அவனே பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் விசுவாசக் குறைவு.

போன மாதம் எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, தவறிவிட்டார்கள். கோபியில் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார்கள். அவனை வளர்த்ததே அம்மிச்சிதான். லீவு கேட்டிருக்கிறான். "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்ற வசனத்தைச் சொல்லி அனுப்பவில்லை. இறந்த பிறகு ஒரு 'அண்ணன்' கூட வர அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டத்தில் 40 நிமிடம் நின்றான். வீட்டுக்கு வந்தான், அம்மா தட்டு வைத்தார்கள், அவன் அந்த அண்ணன் முகத்தைப் பார்த்தான். அவர் மணியைப் பார்த்தார். இவன் எழுந்துவிட்டான். நான் என்ன கேட்டாலும் முதலில் அந்த ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். "அக்கா, என்னுடைய சுயம் உடையணும், அதுக்குத்தான் இந்த வருஷம்" என்றான். அது அவன் பேச்சே இல்லை.

அப்பா "கண்டிப்பான இடம்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறார். எனக்கு வெசனமாக இருக்கிறது. நான் மிகைப்படுத்துகிறேனா?

ஓய்வு வாத்தியார் (ராசிபுரம்)

கண்ணு, உன் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நம் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்களே, அங்கேயும் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை படிப்புதான். போன் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். துக்கத்துக்குக்கூட அனுப்ப யோசிப்பார்கள், பரீட்சை நேரம் என்றால். அதையெல்லாம் யாரும் தப்பு என்று சொல்லவில்லை, வரிசையில் நின்று பணம் கட்டினோம். நானே அப்படிப்பட்ட இடத்தில் 11 வருடம் வேலை பார்த்தவன். 20 வயதுப் பையனுக்கு ஒரு வருடம் ஒழுங்கு கற்றுக்கொடுத்தால் கெட்டுப்போய்விடுவானா?

பின்னிட்டுப் பார்த்தவன் (இடம் வேண்டாம், கொங்குதான்)

அக்கா, நீங்கள் மிகைப்படுத்தவில்லை. நான் இதேபோன்ற ஓர் இடத்தில் ஒரு வருடம் பயிற்சி பெற்று, அடுத்த வருடம் குழுத்தலைவனாக இருந்தவன். அதாவது உங்கள் வீட்டில் மணியைப் பார்த்த அந்த 'அண்ணன்' வேலையை நான் செய்திருக்கிறேன்.

அந்த ஆளைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அப்போது 22 வயது. திரும்பிப் போனதும் எழுதிக் கொடுக்கவேண்டும்: வீட்டில் யார் என்ன பேசினார்கள், பையன் அழுதானா, எத்தனை நிமிடம், 'உலகப்பிரகாரமான பாசம்' எந்த அளவுக்கு இருக்கிறது என்று. அதை நான் பக்தியோடு எழுதினேன். நான் எழுதாவிட்டால் என்னைப் பற்றி இன்னொருவர் எழுதுவார்.

புதன்கிழமை ராத்திரி எங்களுக்கு 'வெளிச்சக் கூட்டம்'. வட்டமாக உட்கார்ந்து அந்த வாரப் பாவத்தை அறிக்கையிடவேண்டும். "குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்" என்று யாக்கோபு சொன்னதை வைத்துத்தான். ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, அது பெருமையின் பாவம். அதனால் பையன்கள் இல்லாததையும் இட்டுக்கட்டிச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதெல்லாம் ஒரு நீல ஃபைலில் ஏறும். பெயர், தேதி, விவரம்.

ஒரு பையன் பாதியில் போகிறேன் என்றான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தறி ஓட்ட ஆள் இல்லை என்று காரணம் சொன்னான். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "அவன் மார்ச்சில் என்ன சொன்னான்னு ஞாபகப்படுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போய் ஞாபகப்படுத்தினேன். பையன் பெட்டியைத் திரும்ப அவிழ்த்தான். இரண்டு வாரம் கழித்து விடியற்காலை 4 மணிக்குச் சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான். அடுத்த நாளிலிருந்து அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. 'விழுந்துபோனவன்' என்றுதான் சொல்லவேண்டும்.

ஆறேழு வருடம் கழித்து அவனைப் பெருந்துறையில் ஒரு செல்போன் கடையில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். நான் மன்னிப்புக் கேட்க வாய் எடுப்பதற்குள் அவன் கேட்டான்: "அந்த ஃபைல் இன்னும் இருக்குதுங்களாண்ணா?" கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

வாத்தியார் ஐயா, உங்கள் விடுதியில் அந்த ஃபைல் இருந்ததா?

ஓய்வு வாத்தியார்

இல்லை தம்பி. மார்க் ரிஜிஸ்தர்தான் இருந்தது. சரி, மேலே சொல்லுங்கள், படிக்கிறேன்.

பஞ்சாலை அக்கா (அவிநாசி)

வாத்தியார் ஸ்கூல் கதை சொன்னார், நான் மில் கதை சொல்கிறேன். 2006-இல் எனக்கு 16 வயது. சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்பின்னிங் மில்லில் மூன்று வருடம் வேலை, மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், முடிக்கும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000 ரூபாய் தருகிறோம் என்று புரோக்கர் வந்து எங்கள் அப்பாவிடம் பேசினார். ஹாஸ்டலுக்கு வெளியே தனியாகப் போக முடியாது. மாதம் ஒரு தடவை வார்டனோடு கடைத்தெரு. போன் வார்டன் ரூமில். வீட்டு ஆட்கள் வந்தால் பக்கத்திலேயே நிற்பாள்.

எங்கள் கேட்டில் பூட்டு இருந்ததா என்று எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். பூட்டு இருந்தது, ஆனால் எங்களைப் பிடித்து வைத்தது அது இல்லை. இரண்டே முக்கால் வருடம் முடித்தவள் போய்விட்டால் அந்த 30,000 போச்சு. அதுதான் பிடி. பூட்டைத் திறந்துவிட்டாலும் போயிருக்கமாட்டோம்.

அதனால் உங்கள் தம்பியிடம் கேட்கவேண்டியது, கதவு திறந்திருக்கிறதா என்று இல்லை. நாளைக்குக் காலையில் கிளம்பினால் உனக்கு என்னென்ன போகும் என்று கேளுங்கள். அவன் சொல்கிற பட்டியலில்தான் விஷயம் இருக்கிறது.

நான் படிக்காதவள், தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

சவரி (கருமத்தம்பட்டி)

அக்கா, நீங்கள் எழுதியதில் தப்பே இல்லை.

அந்த நீல ஃபைல் பற்றி ஒன்று. நான் கத்தோலிக்கன், இரண்டு வருடம் குருமடத்தில் (பாதிரியார் ஆவதற்குப் படிக்கிற இடம்) இருந்துவிட்டு எனக்கு ஒத்துவராது என்று வெளியே வந்தவன். வரும்போது ரெக்டர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, அடுத்த வருடப் படிப்புக்கு எங்கே அப்ளை பண்ணலாம் என்றும் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கமும் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவ அறிக்கை, உண்டு, ஆனால் அங்கே கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அதைவிட முக்கியம், திருச்சபைச் சட்டத்தில் 985 என்று ஒன்று இருக்கிறது. குருமடத்தின் அதிபர் தன் கூரையின் கீழ் இருக்கிற மாணவர்களிடம், அவர்களாக விரும்பிக் கேட்டால் ஒழிய, பாவசங்கீர்த்தனம் கேட்கக்கூடாது. 630-இல் இன்னொன்று: துறவு சபைத் தலைவர் தன் கீழ் உள்ளவர்களின் மனச்சாட்சியை எந்த வகையிலும் தூண்டித் தன்னிடம் திறக்கவைக்கக் கூடாது.

ஏன் இப்படி? உன்னைப் பாஸ் போடுகிற ஆள், உன் சோற்றுக்கும் படுக்கைக்கும் பொறுப்பான ஆள், உன் ரகசியத்தையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் சபை இதிலெல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். விதி ஏன் வந்தது என்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

வெட்டுக்கிளி77

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

ஒரு மதத்தையே திட்டும் பதிவை எடுத்துவிட்டேன். மில் ஹாஸ்டல், ஸ்கூல் ஹாஸ்டல், ஆசிரமம், ஊழியம் எல்லாவற்றிலும் நடப்பதைத்தான் இங்கே பேசுகிறோம். அந்த அக்காவின் தம்பிக்கு உதவாத பேச்சு வேண்டாம்.

ஜெபவீரன் (தாராபுரம்)

நான் இப்போதும் அப்படிப்பட்ட ஒரு பயிற்சியில் உதவி செய்கிறேன். நீங்கள் சொல்கிற இடம் எதுவென்று தெரியாது. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் எழுதுகிறேன்.

நான் காலனியில் பிறந்தவன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். அதைக் கழுவி வைக்கவேண்டியதும் நாங்களே. 18 வயதில் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் ராத்திரி, என்னைவிடப் பெரிய வீட்டுப் பையன் ஒருவன் என் தட்டிலிருந்து சோற்றை எடுத்துச் சாப்பிட்டான். யாரும் சொல்லி அவன் செய்யவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. குடித்துக்கொண்டிருந்தவன், விட்டேன். படிக்கத் தெரியாதவன், வேதத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதிகாலையில் எழுப்புகிறார்கள், போனை வாங்குகிறார்கள் என்று அழுகிறீர்கள். எனக்கு யாரும் அதற்கு முன்னால் எழுப்பிவிடக்கூட வந்ததில்லை.

பின்னிட்டுப் பார்த்தவன்

தம்பி, நீ சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கமாட்டேன். எங்கள் இடத்திலும் அதுதான் நடந்தது, நானும் அழுதேன். வெளியே வந்து இத்தனை வருடமான பிறகும் அந்தச் சாப்பாட்டு வரிசையை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

பாசம் பொய்யாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் ஓடியிருப்போம். உண்மையாக இருந்ததனால்தான் அதை இழக்கப் பயந்தோம். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. உங்கள் இடத்தில் பாதியில் போனவர்கள் உண்டா? அவர்களோடு இப்போது பேசுகிறாயா? அவன் ஊருக்கு வந்தால் அதே தட்டில் சாப்பிடுவாயா?

ஜெபவீரன்

இரண்டு பேர் போனார்கள். ஒருவனோடு பேசுகிறேன். இன்னொருவனோடு பேசவேண்டாம் என்று சொன்னார்கள். யோசித்துப் பார்க்கிறேன்.

சபை ஊழியன் (ஈரோடு மாவட்டம்)

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் 19 வருடமாக ஊழியத்தில் இருக்கிறேன், வாலிபர் முகாம் நடத்துகிறேன். நானும் போனை வாங்கி வைக்கிறவன்தான், மூன்று நாளைக்கு. அதிகாலை ஜெபமும் உண்டு. எனவே 'கடுமையாக இருக்கிறதா' என்று பார்த்தால் நானும் மாட்டிக்கொள்வேன்.

இந்த மாதிரி இடங்களில் வசனங்களைப் பாதியில் வெட்டுவார்கள். மரித்தோரைப் பற்றிய வசனத்தைச் சொல்லி அம்மிச்சியைப் பார்க்க விடவில்லை அல்லவா? மாற்கு 7-ஐ அவர்களிடம் காட்டுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிக்க வைக்கிற போதகர்களை ஆண்டவர் அங்கே வெளுத்து வாங்குகிறார். சிலுவையில் தொங்கும்போதுகூடத் தாயை யார் வீட்டில் விடுவது என்று பார்த்துவிட்டுத்தான் போனார். அப்புறம், கேள்வி கேட்டால் உடனே சவுல் கதையை எடுப்பார்கள்: இரண்டகம்பண்ணுவது பில்லிசூனியத்துக்குச் சமம் என்று. அந்த அதிகாரத்தைப் படித்தால் கீழ்ப்படியாதவன் ராஜா. அதாவது தலைவன். கண்டிக்கப்பட்டவன் தலைவன், கடைசி வரிசையில் இருந்த வாலிபன் இல்லை. இதை எந்த முகாமிலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எலியா தீர்க்கதரிசி, தான் சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கமா பண்ணினான்? எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டான். இன்னொரு தடவை சாப்பாடு. அதற்கப்புறம்தான் பயணம்.

இது புதிய வியாதியும் அல்ல. 1970-களில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலிருந்து ஐந்து பிரபல போதகர்கள் 'மேய்ப்பு இயக்கம்' என்று ஒன்றை நடத்தினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் மேலே ஒரு மேய்ப்பர். வேலை, கல்யாணம், வீடு மாறுவது எல்லாம் அவரைக் கேட்டுத்தான். நம் ஊரில் இன்றைக்குச் சிலர் 'கவரிங்', அதாவது தலைவருக்குக் கீழ்ப்பட்டிருந்தால்தான் பாதுகாப்பு, என்று பேசுவது அந்தச் சரக்கோடு ஒட்டியதுதான். அந்த ஐவரில் டெரிக் பிரின்ஸ் 1983-இல் விலகினார். பாப் மம்ஃபர்ட் 1989-இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதேபோல டெக்சஸில் டீன் மேனியா என்ற வாலிபர் ஊழியம் இருந்தது. உங்கள் தம்பி சேர்ந்த மாதிரியே, பள்ளி முடித்தவர்களுக்கு ஓராண்டு தங்கிப் படிக்கிற பயிற்சி. தூக்கம் கெடுத்து, உடம்பை வதைத்து, 'நீ உடைய வேண்டும்' என்று நடத்திய சில நாள் பயிற்சியைப் பற்றி அங்கே படித்தவர்களே இணையத்தில் எழுத ஆரம்பித்தார்கள். 2015-இல் அந்த ஊழியம் பண நெருக்கடியில் மூடப்பட்டது.

நான் பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான்: தலைவருக்கு மேலே யார் என்று கேளுங்கள். தேவன் என்று சொன்னால், அடுத்தபடி யார் என்று கேளுங்கள். எங்களுக்குப் பேராயர் இருக்கிறார், கமிட்டி இருக்கிறது, கணக்குத் தணிக்கை இருக்கிறது. அதிலும் சண்டை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சண்டை போடவாவது ஒரு இடம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு டிரஸ்டில் மூன்றே உறுப்பினர்: அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி.

காங்கேயத்தான்

நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, ஆடு மாடு வைத்திருக்கிறவன். எல்லாரும் மேய்ப்பன் மேய்ப்பன் என்கிறீர்களே, அதனால் வந்தேன்.

எங்கள் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டை, சுற்றி முள்கிளுவை வேலி இருக்கும். நாய் நரி வராது, ஆடு தப்பாது. ஆனால் ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு படல் உண்டு. ஒரு காடு மேய்ந்து முடிந்தால் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் புல் பட்டுப்போகும், ஆடு இளைக்கும். படல் இல்லாமல் வேலி போட்டவனை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

பின்னிட்டுப் பார்த்தவன் என்று ஒருத்தர் பேர் வைத்திருக்கிறாரே, அது என்னங்க?

பின்னிட்டுப் பார்த்தவன்

வேதத்தில் ஒரு வசனம், ஐயா. "கலப்பையின்மேல் தன் கையை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிற எவனும் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியுள்ளவன் அல்ல." நான் வெளியே வந்த நாள் என் பெட்டிக்குள் யாரோ இதை எழுதி வைத்திருந்தார்கள்.

காங்கேயத்தான்

ஏர் ஓட்டும்போது திரும்பிப் பார்த்தால் சால் கோணும், வாஸ்தவம்தான். ஆனால் வரப்பு வந்துவிட்டால் மாட்டைத் திருப்பாமல் இருக்க முடியுமா? பக்கத்துக் காட்டுக்காரன் அடிக்க வருவான்.

மனநலம் கோவை

தாமதமாக வருகிறேன். நான் மனநல ஆலோசகர். உங்கள் தம்பியைப் பார்க்காமல் இது இன்னது என்று முத்திரை குத்தமாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது எது என்று சொல்ல முடியும்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950-களில் ஹாங்காங்கில், சீனாவின் 'சிந்தனைச் சீர்திருத்த'த்துக்கு ஆளாகி வந்தவர்களிடம் பேசி, 1961-இல் எட்டு அடையாளங்களை எழுதினார். சாமியே இல்லை என்று சொன்ன கம்யூனிஸ்ட் நாட்டில் பார்த்தது அது, அதனால் மதத்துக்கு எதிரான பட்டியல் என்று நினைக்கவேண்டாம். எட்டையும் இங்கே அடுக்கப்போவதில்லை. இந்த இழையில் நான்கு தெரிகிறது: வெளி உலகத்தோடு பேச்சை யாரோ நடுவில் உட்கார்ந்து வடிகட்டுவது. முடிவே இல்லாத அறிக்கை (இது மற்றவர் அனுபவம், தம்பி இடத்தில் உண்டா என்று தெரியவில்லை). எட்டவே முடியாத தூய்மை. அப்புறம், 'சுயம் உடையணும்' மாதிரித் தயார் செய்த சொற்கள். துக்க வீட்டில் நிற்கிற பையனுக்குத் துக்கம் என்ற சொல்லே கிடைக்கவில்லை பாருங்கள், அதற்குப் பதில் அவர்கள் கொடுத்த சொல் வந்து நிற்கிறது. தூக்கக் குறைவும் பசியும் சேர்ந்தால் அந்தச் சொற்கள் இன்னும் ஆழமாக இறங்கும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடாதது: "அது கள்ளக் கூட்டம், வந்துவிடு" என்று சொல்வது. 'வீட்டார் எதிர்ப்பார்கள்' என்று முன்னமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் எதிர்த்தால் தீர்க்கதரிசனம் பலித்தமாதிரி ஆகிவிடும். வசனச் சண்டையும் வேண்டாம் (சபை ஊழியன் ஐயா மன்னிக்கவும், நன்றாகத்தான் எழுதினீர்கள்). அந்த 10 நிமிடத்தை விடாதீர்கள். எந்த வாரமும் தவறவேண்டாம். வீட்டுக் கதை, தெருநாய் குட்டி போட்டது, மாமா கடை, எதுவானாலும் சரி. அவனுடைய பழைய பேச்சு வெளியே வருகிற இடம் ஒன்று அவனுக்கு வேண்டும்.

அவனுக்கு 20 வயது. தானாக இருக்கிறேன் என்றால் போலீஸ் வந்து இழுத்து வரமுடியாது, இழுத்து வரவும் கூடாது. போகிறேன் என்று சொன்ன பிறகும் தடுத்து வைத்தால் அது குற்றம், புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 127, அப்போது 112-ஐக் கூப்பிடலாம். அங்கே 18 வயதுக்குக் கீழ் யாராவது இருந்து துன்பம் நடந்தால் 1098. அவனுக்கோ உங்களுக்கோ மனம் தாங்காவிட்டால் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

டிப்ளமோ ஒரிஜினல் எங்கே இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. பஞ்சாலை அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் புள்ளைக்கு 30,000 குடுத்தாங்களாமா?" என்று கேட்டார்.

ஒரிஜினல் அங்கேதான் இருக்கிறதாம். 'பாதுகாப்புக்காக.'

பஞ்சாலை அக்கா

28,000 கொடுத்தார்கள் கண்ணு. லீவு எடுத்ததற்குப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்

கண்ணு, நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். எங்கள் விடுதியிலும் ஒரிஜினலை வாங்கி வைத்தோம். பாதியில் போகிறவர்களிடம் முழு வருடப் பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்று சொன்னதுண்டு. அப்போது அது எனக்கு நிர்வாகமாகத் தெரிந்தது. நேற்றிலிருந்து இரண்டு பையன்கள் முகம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு யோசனை. மேற்படிப்பு அட்மிஷனுக்கு ஒரிஜினல் சரிபார்க்கவேண்டும் என்று அப்பா பெயரில் கடிதம் எழுதி நேரில் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம். வாசகம் வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

நொய்யல்கரை (மூன்று வாரம் கழித்து)

பார்க்கும் நாளில் அப்பாவும் நானும் போய் வந்தோம். வாத்தியார் ஐயா எழுதிக் கொடுத்த கடிதம் கையில். அம்மா அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, நெய் தனி டப்பாவில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் இருந்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். டீ கொடுத்தார்கள். ஒரிஜினல் 'பெரியவர்' பொறுப்பில் இருக்கிறது, அவர் ஊழியப் பயணத்தில் இருக்கிறார் என்றார். அப்பா, "சரிங்க, விதிமுறை எழுதின தாள் ஒண்ணு குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்" என்று கேட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை, அவராகக் கேட்டார். அப்படி எழுதி வைக்கிற வழக்கம் இல்லை, எல்லாம் ஆவியானவர் நடத்துகிறபடி என்று பதில். அப்பா 34 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எழுதாத விதி என்று ஒன்றை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். அதே அண்ணன் பக்கத்தில். அவருக்கும் ஒரு தட்டு போட்டேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் இரண்டாவது தடவை நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு அரச்சலூராம். அம்மாவைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறதாம். (பின்னிட்டுப் பார்த்தவன் அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டேன்.) அவர் கை கழுவப் போன நேரத்தில் தம்பியிடம், நாளைக்கு நீ கிளம்பினால் என்னென்ன போகும் என்று கேட்டேன். அவன் விரலை மடக்க ஆரம்பித்தான். நான்காவது விரலில் நிறுத்திவிட்டு, "அம்மிச்சி ஆஸ்பத்திரியில என்னைக் கேட்டுச்சா?" என்றான்.

கேட்டார்கள் என்றேன். அவர் திரும்பி வந்துவிட்டார்.

கிளம்பும்போது கேட் வரை வந்தான். தனியாக. அடுத்த பார்க்கும் நாள் இரண்டாம் சனிக்கிழமை. இழையை மூடவேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னிட்டுப் பார்த்தவன்

நீங்கள் சம்மதித்தால் அன்றைக்கு நான் கார் எடுத்து வருகிறேன், அக்கா. உள்ளே வரமாட்டேன், ரோட்டில் நிற்கிறேன். போகிற வழிதான், அந்த அண்ணனுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார்களா என்று அரச்சலூரில் அவர் அம்மாவைக் கேட்டுவிட்டுப் போகலாம்.